ஐந்தருவியில் ஊதிய விசில்

தென்காசி
9 ஜூன் 2025

அன்பு மருமகள் செண்பகவல்லிக்கு மாமா சுடலையாண்டி எழுதுதது.

எல்லாம் நான் அன்னைக்கே சொன்னதுதான். எட்டாம் வகுப்பு படிக்கையில நீ எங்க வீட்டு மர்பி ரேடியோவைக் கழட்டிப் போட்டுட்டுத் திரும்ப மாட்டத் தெரியாம முழிச்சிக்கிட்டு நின்ன. உன் அம்மா விளக்குமாத்த எடுத்தா. நான்தான் குறுக்க விழுந்து, அக்கா அடிக்காத, இவ ஒருநாள் ஹாலந்துக்குப் போயி மெஷின் செய்வா, பேப்பர்ல படம் வரும்னு சொன்னேன். ஹாலந்துன்னு பேரு சொல்லியே சொன்னேன். அப்ப எனக்கு அந்த நாடு எங்க இருக்குன்னே தெரியாது. தெரியாம சொன்னது பலிச்சா அதுக்கு மதிப்பு கூடத்தானே.

இப்ப படம் வந்திருச்சு. 'க்யூபிட்டை ஒரு மணி நேரம் காப்பாற்றிய தென்காசிப் பெண்'னு தலைப்பு. டீக்கடையில சத்தமா வாசிச்சேன். க்யூபிட்டுன்னா என்னன்னு ஒருத்தன் கேட்டான். அது ஒரு மாதிரியான பிட்டு, உனக்குப் புரியாதுன்னு சொல்லிட்டேன். ஒண்ணைப் பாதுகாக்கச் சுத்தி நாலு பேரைக் காவல் போடுறதுதான் உன் கண்டுபிடிப்புன்னு பேப்பர்ல போட்டிருக்கு. அது போலீஸ்காரன் மூளை, நான் குடுத்த யோசனைன்னு சொன்னேன். தப்பா?

குற்றாலம் வியாபாரிகள் சங்கத்துல உனக்குப் பாராட்டு விழா வைக்காங்க. ஜூலை கடைசி ஞாயித்துக்கிழமை, சீசன் கூட்டத்துக்கு நடுவுல. பஸ் ஸ்டாண்டுல பிளக்ஸ் வைக்கச் சொல்லியாச்சு. உன் படம், பக்கத்துல யூனிபார்ம்ல என் படம். அளவு ஒத்து வரலன்னு பிளக்ஸ்காரன் என்னைக் கொஞ்சம் பெருசாப் போட்டுட்டான். லாட்ஜ் வச்சிருக்க தாணு அண்ணாச்சிதான் தலைவர். உன் மெஷின்கிட்ட கேட்டா அடுத்த வருசம் சாரல் எந்தத் தேதியில தொடங்கும்னு சொல்லுமான்னு கேட்டாரு. சொல்லும்னு சொல்லிட்டேன்.

நீ வரணும். உன் அத்தை செத்ததுக்கு வரல. ஐஸ்பெட்டியை இப்ப விட்டா சூடாயிரும்னு எழுதின. நான் ஒருத்தர்கிட்டயும் ஐஸ்பெட்டின்னு சொல்லல. ஏரோப்ளேன் கெடைக்கலன்னு சொன்னேன்.

போன் பண்ணாத. அருவிக்கரையில நின்னு நின்னு காது போனதுக்குப் பொறவு யார் பேசினாலும் இரைச்சலாத்தான் கேக்கு. எழுது. என் மக ஜெயசித்ரா நான் எழுதுததைப் படம் எடுத்து அனுப்புவா, நீயும் கையால எழுதிப் படம் எடுத்து அனுப்பு, அவ காகிதத்துல அச்செடுத்துத் தருவா.

மாமா


டெல்ஃப்ட்
ஹாலந்து, 17 ஜூன் 2025

மாமாவுக்கு,

அந்த ரேடியோ மர்பி இல்லை. அன்றைக்கு விளக்குமாற்றை எடுத்தது அம்மாவும் இல்லை. நீங்கள்தான். குறுக்கே விழுந்தது அம்மா.

அத்தை விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. என் கருவியைக் குளிரவைக்கவே பல நாள் பிடிக்கும். குளிர்பெட்டி ஒருமுறை சூடேறினால் மாதக்கணக்கில் செய்த அளவீடு போய்விடும். அப்போது அது பெரிய காரணமாகத் தெரிந்தது. இப்போது எழுதிப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

காவல் பற்றி நீங்கள் டீக்கடையில் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. க்யூபிட் என்பது குவாண்டம் கணினியில் தகவலை வைத்திருக்கும் மிகச் சின்னத் துணுக்கு, அதை நேரடியாகப் பார்த்தால் கெட்டுவிடும். பார்க்காமலும் கெடும். அதனால் சுற்றிலும் வேறு சிலவற்றை நிறுத்தி, 'உள்ளே என்ன இருக்கிறது' என்று கேட்காமல், 'ஏதாவது மாறியதா' என்று மட்டும் கேட்க வேண்டும். அருவியில் பெண்கள் குளிக்கிற பக்கம் டியூட்டி போட்டால் நீங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பீர்கள், கூச்சலின் சுருதி மாறுவதை வைத்தே யாரோ வழுக்கி விழுந்துவிட்டாள் என்று தெரிந்துகொள்வீர்கள் என்று அத்தை சொல்லிச் சிரிப்பாள். என் முதல் பேச்சில் இதைத்தான் உதாரணமாகச் சொன்னேன். இருபது வருடத்துக்கு முன்பு அது. கேட்க வந்திருந்தவர்கள் பத்துப் பேர் இருக்கும். பாதிப் பேர் காபிக்காக வந்தவர்கள். அப்போது எங்கள் க்யூபிட் கண் இமைக்கும் நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட உயிரோடு இருக்காது. நிலவறையில் உட்கார்ந்து நானே கம்பி பற்றவைத்தேன். இது ஒருநாளும் நடக்காது என்று என் பேராசிரியரே சொன்னார்.

நடந்தது என்றுதான் போன வருடம் கட்டுரை எழுதினோம். ஒரு மணி நேரம். அதற்குக் கிடைத்த பரிசைப் பற்றித்தான் பேப்பரில் போட்டிருக்கிறார்கள்.

மாமா, விழாவை நிறுத்திவையுங்கள். காரணத்தை இப்போது கேட்காதீர்கள். எனக்கு மிகவும் களைப்பாக இருக்கிறது. இங்கே மழை நம் சாரல் மாதிரியே தூறுகிறது. ஆனால் நனைந்தால் சளிதான் பிடிக்கிறது.

செண்பகம்


தென்காசி
24 ஜூன் 2025

செண்பகத்துக்கு,

விழாவை நிறுத்துன்னா எப்படி நிறுத்த. அருவியில தண்ணி விழ ஆரம்பிச்சாச்சு. ரம்புட்டான் கடையெல்லாம் போட்டுட்டாங்க. பிளக்ஸ் அடிச்சு வந்திருச்சு, என் மீசை நல்லா விழுந்திருக்கு. மேடையில பேச நான் ரெண்டு பக்கம் எழுதி வச்சிருக்கேன். ஒரு மணி நேரம்னு சொன்னா சனங்களுக்கு எடுபடாது. ஒரு மணி நேரத்துல என்ன ஆகப்போகுது, பரோட்டா சாப்பிட வரிசையில நிக்கவே அவ்வளவு ஆகும். அதனால ஒரு வருசம்னு மாத்திக்கிட்டேன்.

நீ களைப்புன்னு எழுதியிருக்கது எனக்குப் பிடிக்கல. உன் கையெழுத்து கீழ்நோக்கிச் சரிஞ்சு போகுது. ரிட்டயர்டு ஆனாலும் நான் போலீஸ். என்னமோ இருக்கு. யாரும் உன்னை ஏசினானா? பேரைச் சொல்லு. அங்கன எனக்கு ஆள் கெடையாதுதான், ஆனா சொல்லு.

மாமா


டெல்ஃப்ட்
2 ஜூலை 2025

மாமாவுக்கு,

யாரும் ஏசவில்லை. ஏசினால் நல்லது என்று இருக்கிறது.

பரிசு வாங்கித் தந்த அந்த ஆய்வு முடிவில் பிழை இருக்கிறது என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் சொல்ல முடிகிறது.

எங்கள் கருவியை ஆயிரக்கணக்கான முறை ஓடவிடுவோம். வானத்திலிருந்து வரும் கதிர் எப்போதாவது க்யூபிட்டுகள் இருக்கும் சில்லில் மோதும். அப்போது எல்லா க்யூபிட்டும் ஒரே அடியில் கெட்டுப்போகும். அது காவலின் குற்றமில்லை. அதனால் அப்படிப்பட்ட ஓட்டங்களைக் கணக்கில் சேர்க்கமாட்டோம். எதை ஒதுக்கலாம் என்ற விதியை எழுதியது நான். என் ஆய்வகப் பிள்ளைகள் யாரும் இல்லை, நானேதான். போன மாதம் பழைய ஓட்டங்களை எடுத்து மறுபடி பார்த்தேன். நாங்கள் ஒதுக்கியவற்றில் பெரும்பகுதி கதிர் மோதியவை மாதிரித் தெரியவில்லை. காவல் தவறியவை மாதிரி இருக்கின்றன. தோற்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டு ஜெயித்ததை எண்ணியிருக்கிறேன். எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரு மணி நேரம் என்பது சில நிமிடமாகச் சுருங்கிவிடும்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கதைகளில் மோசமான நாள் ஒன்றுகூட வராதில்லையா. அதைத்தான் நான் எண்களில் செய்துவிட்டேன்.

எங்கள் இயக்குநரிடம் சொன்னேன். நல்ல மனிதர். உறுதியாகத் தெரியாமல் ஏன் அவசரப்படுகிறாய், இன்னும் ஒரு வருடம் சத்தமில்லாமல் அளந்து பார் என்கிறார். இப்போது கட்டுரையைத் திரும்பப் பெற்றால், எங்களை நம்பிப் பண உதவி தருவதாகச் சொன்னவர்கள் விலகிவிடுவார்கள். என்னோடு வேலை பார்க்கிற பிள்ளைகள் தெருவில் நிற்பார்கள். ஒருத்திக்குப் போன வாரம்தான் குழந்தை பிறந்தது. ஆனால் ஒரு வருடத்தில் எத்தனை பேர் இந்த முடிவின் மேல் தங்கள் வேலையைக் கட்டிவிடுவார்கள்.

வருடக்கணக்காக அருவி டியூட்டி பார்த்தவர் நீங்கள். உறுதியாகத் தெரியாமல் எப்போதாவது விசில் ஊதிக் கூட்டத்தை வெளியேற்றியிருக்கிறீர்களா? ஐந்தருவிக் கதை ஒன்று கல்யாண வீடுகளில் சொல்வீர்களே. நான் பாதியில் எழுந்து போய்விடுவேன். அதை முழுதாக எழுதுங்கள்.

செண்பகம்


தென்காசி
9 ஜூலை 2025

செண்பகத்துக்கு,

கேட்டியே ஒரு கேள்வி. இதுக்குப் பதில் சொல்ல இந்த ஜில்லாவுல என்னை விட்டா ஆள் கெடையாது.

நீ பெங்களூர்ல படிச்சிட்டிருந்த வருசம். ஆடி மாசம், ஞாயித்துக்கிழமை, மத்தியானம். ஐந்தருவியில ஆணும் பொண்ணுமா அள்ளிக் குவிச்ச மாதிரி கூட்டம். எனக்கு டியூட்டி. தண்ணி நெறம் மாறல. சகதி வரல, சருகு வரல. மேல மலையில மழைன்னு வயர்லெஸ்ல தகவலும் இல்ல. ஆனா சத்தம் மாறிச்சு. அப்ப எனக்கு நல்ல காது. அருவி கொஞ்சம் கனமாப் பேசின மாதிரி இருந்துச்சு. அவ்வளவுதான். வேற சாட்சி ஒண்ணும் கெடையாது.

ஊதினேன். ஒருத்தனும் அசையல. தொடர்ந்து ஊதினேன். உள்ள எறங்கிக் கையைப் பிடிச்சு இழுத்து வெளிய ஏத்தினேன். தலையில சீயக்காயோட நின்ன பொம்பளைங்க என் குடும்பத்தையே சபிச்சாங்க. உடம்பு பூரா எண்ணெய் தேச்சுக்கிட்டு வரிசையில நின்ன ஒருத்தன், பெரிய உத்தியோகஸ்தன் போல, இந்த எண்ணெயோட நான் எங்கலே போவேன்னு கேட்டான். தாணு அண்ணாச்சி ஓடி வந்து, ஏட்டையா, சீசன் ஞாயித்துக்கிழமை, பொழைப்பைக் கெடுக்காதீரும்னு காதுல சொன்னாரு. மேல ஒரு மேகம்கூட இல்லையேன்னாரு. இருக்கட்டும்னேன்.

கடைசி ஆள் படி ஏறுதான். அப்ப வந்துச்சு பாரு. செங்காவி நெறத்துல, கல்லும் மரமுமா. ஒரு மரத்தடி, யானை படுத்த மாதிரி இருக்கும், பொம்பளைங்க நின்ன எடத்துல வந்து நட்டுக்குத்தா விழுந்துச்சு. அஞ்சு அருவியும் ஒரே அருவியாச்சு. எண்ணெய்க்காரன் என் காலைத் தொட வந்துட்டான். தாணு அண்ணாச்சி கடையில தொங்கின மாலையைப் பிச்சுக்கிட்டு வந்து என் கழுத்துல போட்டாரு. கலெக்டர் கூப்பிட்டுக் கை குடுத்தாரு.

இதுதான் நடந்தது. ஆகையினால நீ ஊது. ஏசுவான், சபிப்பான், எண்ணெயோட நிப்பான். பொறவு வெள்ளம் வரும். வந்ததும் அவனே மாலையைத் தூக்கிட்டு வருவான்.

பிளக்ஸைப் பத்திக் கவலைப்படாத. கெடந்துட்டுப் போகுது.

மாமா


டெல்ஃப்ட்
16 ஜூலை 2025

மாமாவுக்கு,

இன்று காலை கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். பரிசையும் வேண்டாம் என்று எழுதிவிட்டேன்.

அனுப்புவதற்கு முன்னால் உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன். வெள்ளம் வரும் என்ற இடத்தை மட்டும் இரண்டு மூன்று முறை. யாராவது ஒருவர் எங்கள் ஓட்டங்களைத் திரும்பச் செய்து பார்ப்பார், நான் ஊதியது சரிதான் என்று சொல்வார். அதுவரை நிற்க முடியும் என்று தோன்றியது.

குழந்தை பெற்ற பெண்ணிடம் போனில் சொன்னேன். சம்பளம் எந்த மாதம் வரை வரும் என்று கேட்டாள்.

தாணு அண்ணாச்சியிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

செண்பகம்


தென்காசி
25 ஆகஸ்ட் 2025

செண்பகத்துக்கு,

விழா நடக்கல. அதே மேடையில கொழுகொழு குழந்தைப் போட்டி வச்சிட்டாங்க. பிளக்ஸை நான் கழட்டிட்டு வந்து ஸ்கூட்டருக்கு மேல போத்தியிருக்கேன். நல்ல கெட்டித் துணி, சாரல் ஏறல. உன் முகம் மேல் பக்கமா இருக்கட்டும்னுதான் போத்துதேன். என்னுடையது சக்கரத்துப் பக்கம்.

டீக்கடையில பேச்சு ஓடுது. ஏட்டையா, உம்ம மருமவ மெஷின் அவிஞ்சு போச்சாமேன்னு நெல்லையப்பன் கேட்டான். அவன் யாருன்னு உனக்குத் தெரியாது, அரிசிக்கடை. நான் விடுவேனா. ஏலே, பரிசைத் திருப்பிக் குடுக்க ஒரு தெம்பு வேணும், நீ எடை குறைஞ்ச அரிசியைத் திருப்பி வாங்கியிருக்கியாடேன்னு கேட்டேன். கடையே சிரிச்சிருச்சு. ஆனா வீட்டுக்கு நடந்து வரும்போது கால் வலிச்சுது. முந்தி எல்லாம் பதில் சொல்லிட்டு நடந்தா கால் வலிக்காது.

தாணு அண்ணாச்சி ஒண்ணும் ஏசல. அப்ப சாரல் தேதி தெரியாதாக்கும்னு மட்டும் கேட்டாரு.

அங்கன வெள்ளம் வந்துச்சா? எழுது.

மாமா


டெல்ஃப்ட்
3 மார்ச் 2026

மாமாவுக்கு,

இவ்வளவு நாள் எழுதாததற்குக் காரணம் ஒன்றும் இல்லை. எழுத எதுவும் நடக்கவில்லை, அவ்வளவுதான்.

பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். இரண்டு பேருக்கு வேறு ஆய்வகத்தில் வேலை கிடைத்தது. குழந்தை பெற்றவள் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். எனக்கு மேல்மாடியில் ஒரு சின்ன அறை கொடுத்து, முதலாண்டு மாணவர்களுக்கு வகுப்பெடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். மரியாதையாகத்தான் நடத்துகிறார்கள். என் குளிர்பெட்டியைப் போன மாதம் நிறுத்தினார்கள். சூடேறும்போது உலோகம் சின்னச் சின்னதாகச் சத்தம் போடும். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஓட்டங்களை யாரும் திரும்பச் செய்து பார்க்கவில்லை. திரும்பப் பெற்ற கட்டுரையை யார் சீண்டுவார்கள். நான் ஊதியது சரி என்றும் யாரும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. இதற்கிடையில் வேறு நாட்டில் ஒரு குழு, ஒரு மணி நேரத்துக்கு மேல் காப்பாற்றிவிட்டோம் என்று எழுதியிருக்கிறது. ஒதுக்கும் விதி கிட்டத்தட்ட நான் எழுதியதுதான். அவர்களுக்குக் கைதட்டுகிறார்கள். ஒருவேளை அவர்கள் செய்தது சரியாகவே இருக்கலாம். ஒருவேளை என்னுடையதும் சரியாக இருந்து, நான்தான் வீணாகப் பயந்துவிட்டேனோ. இந்த எண்ணம் வந்துவிட்டால் அன்றைக்கு வேறு வேலை ஓடுவதில்லை.

மாமா, ஒரு விவரம் மட்டும் கேட்கிறேன். நீங்கள் ஊதியதற்கும் வெள்ளம் வந்ததற்கும் நடுவில் எவ்வளவு நேரம்? 'கடைசி ஆள் படி ஏறுதான், அப்ப வந்துச்சு' என்று எழுதியிருந்தீர்கள். கல்யாண வீட்டில் சொல்லும்போது எல்லோரும் போய்த் தலை துவட்டி டீ குடித்த பிறகு வந்தது என்று சொன்னது, நான் எழுந்து போகும்போது காதில் விழுந்ததாக ஞாபகம். எது சரி? அந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? அதைத் தெரிந்துகொண்டால் எனக்கு நிற்கக் கொஞ்சம் எளிதாக இருக்கும்.

செண்பகம்


தென்காசி
18 மார்ச் 2026

செண்பகத்துக்கு,

இப்படி நடக்கும்னு நான் முன்னமே சொன்னேன்னு எழுதிட்டு அடிச்சிருக்கேன் பாரு. சொல்லல.

பத்து நிமிசம்னு எழுதினேன். அதையும் அடிச்சேன். அரை மணின்னு எழுதினேன். நீ கணக்குப் படிச்சவ, அரை மணின்னா அதுக்கு ஏத்தாப்புல உன்னை இறுக்கிக்கிட்டு நிப்ப. அதனால அதையும் அடிச்சேன். ஜெயசித்ரா, என்னப்பா ஒரு கடிதத்துக்கு இத்தனை தாளைக் கிழிக்கீங்கன்னு கேட்டா. ஏட்டி, நீ போய் உன் வேலையைப் பாருன்னு சொன்னேன். ஒரு வாரமா இதே பாடு.

உன் ஐஸ்பெட்டி இப்ப சூடாத்தானே கெடக்கு. கெளம்பி வா. விழா ஒண்ணும் வைக்க மாட்டேன், யாருகிட்டயும் சொல்லவும் மாட்டேன். இதை நீ நம்ப மாட்ட, சரி, நெல்லையப்பன்கிட்ட மட்டும் சொல்லுவேன். அத்தை படத்துக்குப் பூ வச்சிட்டு ஐந்தருவிக்குப் போவோம். பங்குனியில தண்ணி நூல் மாதிரித்தான் விழும், கூட்டம் இருக்காது. நான் நின்ன எடத்தைக் காட்டுதேன்.

நீ கேட்டதுக்குப் பதில் சொல்லுதேன்.

ஊதினது நெசம். சத்தம் மாறினதா எனக்குத் தோணினது நெசம். அத்தனை பேரையும் கையைப் பிடிச்சு ஏத்தினேன், அதுவும் நெசம். எண்ணெய்க்காரன் நான் எழுதினதை விட அசிங்கமா ஏசினான், பொம்பளப் பிள்ளைக்கு எழுதுத கடிதம்னு அதை விட்டுட்டேன். எல்லாரும் ஏறி நின்னு தண்ணியைப் பாத்தாங்க. பொறவு என்னைப் பாத்தாங்க. நான் தண்ணியை மட்டும் பாத்துக்கிட்டு நின்னேன். நீ கேட்ட நேரம் அதுதான். வெயில் சாயுத வரைக்கும் நின்னேன்.

தண்ணி தெளிஞ்சுதான் வந்துச்சு. முதல்ல எண்ணெய்க்காரன் எறங்கினான். எறங்கையில என் தொப்பியில ரெண்டு தட்டு தட்டிட்டுப் போனான். அவன் பின்னாலயே எல்லாரும் எறங்கிட்டாங்க. ரொம்ப நாளைக்கு என்னைப் பாத்தா பயலுவ வாயாலயே விசிலடிப்பானுவ. அடுத்த மாசம் என்னைப் புளியறை செக்போஸ்ட்டுக்குப் போட்டுட்டாங்க, ரிட்டயர்டு ஆகுத வரைக்கும் லாரிக்குக் கம்பு தூக்கிவிட்டேன். கலெக்டரை நான் கண்ணாலயே பாத்ததில்ல. தாணு அண்ணாச்சி மாலை போட்டது அவர் மக கல்யாணத்துல, வாசல்ல வந்த எல்லாருக்கும் போட்டாரு, எனக்கும் போட்டாரு.

அன்னைக்கு வீட்டுக்கு வந்ததும் படுத்துட்டேன். உன் அத்தை சோத்தைக் கொண்டு வந்து வச்சிட்டு, ஊதாம வந்திருந்தா இப்ப உறங்கியிருப்பீரான்னு கேட்டா. எந்திரிச்சு உக்காந்தேன். சாப்பிட்டேன்.

வெள்ளத்துல வந்து விழுந்ததா நான் எழுதின அந்த மரத்தடியை நம்பி நீ கையெழுத்துப் போட்டுட்ட. மத்ததையெல்லாம் அப்படியே வச்சுக்கோ. அந்த வெள்ளம் மட்டும் வரல செண்பகம். கதை வெறும் விசிலோட நின்னா நல்லா இல்லன்னு நானாச் சேத்துக்கிட்டது அது.

மாமா